ஒரு கரண்டித் தென்பெண்ணை

பங்குனி பிறந்துவிட்டால் இருமத்தூர்ப் பக்கம் தென்பெண்ணை ஆறாக இருப்பதில்லை. மணலும் பாறையும் நாணலுமாகக் கிடக்கும் படுகையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். ஒன்று கட்டிலளவு இருக்கும். இன்னொன்று மாட்டுக் குளம்பு அழுந்திய பள்ளம், உள்ளங்கையளவுதான். பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு இது வறட்சி. ஒரு வகைக் கொசுவுக்கோ தை மாதத்திலிருந்து காத்திருந்த நாள்.

நீண்ட கைப்பிடி போட்ட வெள்ளை எனாமல் கரண்டியோடு அங்கே இறங்கினேன். கொசுப்புழு எடுப்பதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது; விழுந்தால் புழுக்கள் அடியில் போய்விடும். அதனால் வெயில் முகத்தில் அடிக்கும்படி நின்று, கரண்டியின் விளிம்பைச் சாய்த்து, பாலேடு எடுப்பதைப் போல மேல்தண்ணீரை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். முதல் நான்கு கரண்டியில் தலைப்பிரட்டையும் பாசியும். ஐந்தாவதில் ஏழு புழுக்கள். வெள்ளைப் பின்னணியில் நன்றாகத் தெரிந்தன: நீர்ப்பரப்புக்கு இணையாக, ஈர்க்குத் துணுக்குகள் போல மல்லாந்து மிதப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை குப்புறத்தான் கிடக்கின்றன. தலையை மட்டும் அரைவட்டம் திருப்பி, நீரின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களை மேய்கின்றன. சாக்கடைப் புழு இப்படிக் கிடக்காது. அது வாலில் உள்ள குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். கரண்டியில் இருப்பது அனாஃபிலிஸ் பேரினம் என்று சொல்ல இது போதும்.

ஆனால் எந்த அனாஃபிலிஸ்? இந்தியாவில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மலேரியாவைப் பெரிய அளவில் பரப்புபவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஒரு புழுவைச் சீசாவில் ஊற்றி, மூடியில் ஊசியால் துளைபோட்டு, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

‘எந்தக் கொசு?’ என்ற கேள்வியை ஒரு பெண் விஞ்ஞானி முப்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலூர்க் கிராமங்கள், டெல்லிப் புறநகர், இதே தென்பெண்ணையின் கரைகள், தென்னாற்காட்டு நெல்வயல்கள் என்று இடம் மாறியதே தவிரக் கேள்வி மாறவில்லை. அவர் பெயர் ரேச்சல் ரூபன்.

கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மலேரியாக் கிருமியைக் கொசுவில் தேடிய மருத்துவர் ரொனால்ட் ராஸ் இதில்தான் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தார். 1895இல் இந்தியா திரும்பியதிலிருந்து மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்களை வெட்டி வெட்டிப் பார்த்தார், கிருமி கிடைக்கவில்லை. அவர் வெட்டியவை சாம்பல் நிறக் கொசுவும் வரிக்கொசுவும், அதாவது இன்று நாம் கியூலெக்ஸ் என்றும் ஏடிஸ் என்றும் அழைப்பவை. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ‘புள்ளிச்சிறகுக் கொசு’ ஒன்றின் வயிற்றில் கிருமியைக் கண்டபோது, அது என்ன வகை என்று சொல்ல அவரிடம் பெயர்கூட இல்லை. மருத்துவருக்குக் கொசுவெல்லாம் கொசு. அதைத் தனித்தனியே பிரித்துக் காட்ட ஒரு பூச்சியியலாளர் வேண்டியிருந்தது.

அறுபதுகளின் வேலூர் அப்படியொரு பூச்சியியலாளருக்கான இடம். அங்கே 1955இல்தான் மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் தடயம் இந்தியாவில் முதன்முதலாகத் தெரிந்தது. அதன்பின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர்கள் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தையும் கொசுக்களையும் சேர்த்தே தேடினார்கள். தேடும் முறை கேட்பதற்குக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. வீடு வீடாகப் பிடித்த கொசுக்களைக் குளிரவைத்து மயக்கி, வகைவாரியாகப் பிரித்து, ஒரே வகையைச் சேர்ந்தவற்றை ஒன்றாக அரைத்து, அந்தச் சாற்றைப் பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் செலுத்துவார்கள். குஞ்சு நோய்ப்பட்டால் சாற்றில் வைரஸ் இருந்தது. அந்த வைரஸ் எந்தக் கொசுவினுடையது என்பது, அரைப்பதற்கு முன்னால் பிரித்தவரின் கண்ணைப் பொறுத்தது. ஐம்பது கொசுவில் ஒன்று தவறான வகை என்றாலும் முடிவு பாழ். அரைத்தபின் திரும்பிப் பார்க்கக் கொசு இருக்காது.

கேரி, மையர்ஸ் என்ற இரு வைரஸ் ஆய்வாளர்களோடு ரேச்சல் ரூபனின் பெயரும் சேர்ந்து 1964இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. தென்னிந்தியாவில் இயற்கையில் பிடித்த கொசுக்களிலிருந்து டெங்குவின் 1ஆம், 4ஆம் வகை வைரஸ்கள் கிடைத்த செய்தி அது. அதே ஆண்டில் சிக்குன்குன்யா வேலூரைத் தாக்கியது. கூடவே டெங்குவும் இருந்தது. அந்த இரட்டைக் காய்ச்சலைப் பற்றிய கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. 1968இல் வந்த டெங்குவைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னும் வியப்பானது: ஒரே ஊரில், ஒரே ஆண்டில், மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் டெங்குவின் நான்கு வகைகளும் பிடிபட்டன. டெங்கு நேற்று வந்த நோய் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். 2006இல் சிக்குன்குன்யா வந்து ஊரே மூட்டைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது ‘இது என்ன புதுக் காய்ச்சல்’ என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பக்கத்து மாவட்டத்தில், பெயரோடும் கொசுவோடும் எழுதிவைக்கப்பட்ட காய்ச்சல் அது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் விஷயத்தில் வேறு சிக்கல். அதைப் பரப்பும் வயல் கொசுக்களுக்கு எல்லோரும் பொதுவாகக் கியூலெக்ஸ் விஷ்ணுயி என்று பெயர் சொல்லிவந்தார்கள். தியோபால்ட் 1901இல் வைத்த பெயர். ஆனால் அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வகைகள் ஒளிந்திருந்தன: விஷ்ணுயி, சூடோவிஷ்ணுயி, ட்ரைட்டினியோரிங்கஸ். மூன்றும் சிறியவை, பழுப்பு நிறம், உறிஞ்சுகுழலின் நடுவில் வெளிறிய பட்டை. கிராமத்து அண்ணன் தம்பிகளைப் போலத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஆள். நுண்ணோக்கியின் கீழே வைத்து, தலையுச்சியில் நிமிர்ந்து நிற்கும் செதில்களின் நிறம் போன்ற சின்னச் சின்ன அடையாளங்களைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். 1969இல் ரேச்சல் ரூபன் தென்னிந்திய மாதிரிகளை வைத்து விஷ்ணுயியை மறுபடியும் முறையாக விவரித்து, மற்ற இரண்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று எழுதினார். செய்தித்தாளில் வரும் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் வயல் கொசுவைப் பிடித்து வைரஸ் தேடினாலும் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

1971இல் ‘வட ஆற்காடு மாவட்டத்துக் கொசுக்கள்’ பற்றி அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் வந்தன. எந்த மாதம் எந்தக் கொசு பெருகும், எங்கே முட்டையிடும், ராத்திரியில் எத்தனை மணிக்கு யாரைக் கடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கிராமத்தில் மனிதனையும் மாட்டையும் இரையாக வைத்துக் கடிநேரத்தைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்த வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். பொழுது சாய்ந்ததும் ஓர் ஆள் முழங்கால்வரை வேட்டியை மடித்துக்கொண்டு உட்காருவார். காலில் கொசு இறங்கியதும் டார்ச் அடித்து, ரப்பர் குழாய் பொருத்திய கண்ணாடிக் குழலால் வாய்வழியாக உறிஞ்சி உள்ளே இழுத்துவிட வேண்டும் (நடுவில் வலை உண்டு, பயப்பட வேண்டாம்). பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டிலும் இதே வேலை. மணிக்கு ஒருதரம் டப்பா மாற்றிச் சீட்டு ஒட்டி, விடியும்வரை. மனிதனை இரையாக வைப்பது இன்று பல இடங்களில் கைவிடப்பட்டுவிட்டது, கைவிட்டதும் சரிதான். அந்த ராத்திரிகளில் கிடைத்த எண்களை மட்டும் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

எழுபதுகளின் முற்பாதி டெல்லியில் கழிந்தது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்காவின் பிஎல்-480 உணவு உதவித் திட்டத்தின் ரூபாய் நிதியில் நடத்திய கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவு அது. ஆண் கொசுவை மலடாக்கி லட்சக்கணக்கில் பறக்கவிட்டால், அதோடு கூடும் பெண் இடும் முட்டை பொரிக்காது என்பது திட்டம். ஆண் கொசு கடிக்காது. ஆகவே ஆபத்து இல்லை. அரியானாவின் சோனிபட்டில் ரேச்சல் ரூபனும் சகாக்களும் ஆண் ஏடிஸ் கொசுக்களுக்கு அடையாளமிட்டுப் பறக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகின்றன, எத்தனை நாள் தாங்குகின்றன என்று பருவம் பருவமாகப் பார்த்தார்கள். பெரிய அளவில் விடுவதற்கு முன்பே கதை முடிந்தது. மஞ்சள் காய்ச்சலே இல்லாத நாட்டில் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை வைத்து அமெரிக்கப் பணத்தில் ஏன் ஆராய்ச்சி, இது உயிரியல் போருக்கான ஒத்திகையா என்று 1974இல் பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975இல் கடுமையான அறிக்கை வைத்தது. பிரிவு மூடப்பட்டது. ‘நேச்சர்’ இதழ் இதற்காகத் தலையங்கமே எழுதியது. அந்தச் சந்தேகத்தை முழுக்க மடத்தனம் என்று நான் தள்ளமாட்டேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் வேலையை ஊராருக்கு விளங்கச் சொல்லாமல் செய்தால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். இழப்பு என்னவோ நமக்குத்தான். மலட்டுக் கொசுவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்தியாவில் இன்றும் 1975இன் பேய் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

இனி, ஆற்றுக்கு வருவோம்.

1965இல் நாடு முழுவதும் மலேரியா நோயாளிகள் சுமார் 1 லட்சம்தான். டிடிடி ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலம். 1976இல் அந்த எண் 64 லட்சத்தைத் தாண்டியது. மருந்துக்குக் கொசு பழகிவிட்டது, தெளிப்பதில் மெத்தனம் வந்துவிட்டது, எண்ணெய் விலையேற்றத்தில் மருந்தும் விலையேறிவிட்டது என்று பல காரணங்கள். ஆனாலும் நோய் எல்லா இடத்திலும் சமமாகத் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில், எத்தனை முறை மருந்தடித்தாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனால் இல்லை. திவாரி, அப்பாவு, மணி, ஹிரியன் முதலியோரோடு ரேச்சல் ரூபன் எழுதிய ஆய்வு 1984இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. அதன் தலைப்பிலேயே ‘தென்பெண்ணை ஆற்றோரத்தில் விடாப்பிடியாக நிற்கும் மலேரியா’ என்ற பொருள் இருக்கிறது.

தென்பெண்ணை வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, தர்மபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சாத்தனூர் போகிறது. 1957இல் கிருஷ்ணகிரி அணையும் அடுத்த ஆண்டில் சாத்தனூர் அணையும் வந்தபின், அணை திறந்தால் ஆறு, மூடினால் மணல். வெள்ளம் ஓடும்போது கொசுப்புழு அடித்துச் செல்லப்படும். நீர் நின்று, தெளிந்து, வெயில் படும் குட்டைகளாகப் பிரியும்போது அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற சின்னக் கொசு இறங்குகிறது. அதற்குச் சாக்கடை பிடிக்காது, நிழல் பிடிக்காது. மணலடி தெரியும் தெளிந்த தண்ணீர் வேண்டும். வறட்சி மலேரியாவைக் கொண்டுவரும் என்பது முதலில் கேட்பவருக்கு ஏறுக்குமாறாகப் படும். இலங்கைக்காரர்களுக்கு அது மிக நன்றாகத் தெரியும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஈரப்பகுதியின் ஆறுகளெல்லாம் குட்டைகளாகச் சுருங்க, இதே கியூலிசிஃபேசிஸ் பெருகி, சில மாதங்களில் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. அந்த இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கொசுவிடம் இன்னொரு முரண் உண்டு. அதற்கு மனித ரத்தத்தைவிட மாட்டு ரத்தத்தில்தான் ஆசை. பகலில் அதைத் தேடவேண்டிய இடம் மாட்டுக்கொட்டகை. மலேரியா பரவ ஒரே கொசு மனிதனை இரண்டு முறை கடிக்க வேண்டும்: முதல் கடியில் கிருமியை எடுக்கும், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு கடியில் கொடுக்கும். ஒரு கணக்குக்காக, இருபது கடியில் ஒன்றுதான் மனிதன்மேல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறையும் மனிதனே வாய்க்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று இல்லை, நானூறில் ஒன்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அது சாகாமல் இருக்கவும் வேண்டும். ஆக, தனித்தனியே பார்த்தால் இது உதவாக்கரைக் கொசு. ஆனால் ஆற்றங்கரையில் அது ஒன்று இரண்டாகப் பிறப்பதில்லை, பத்தாயிரக்கணக்கில் பிறக்கிறது. நானூறில் ஒன்று என்றாலும் பத்தாயிரத்தில் இருபத்தைந்து.

மனிதரும் தம் பங்குக்கு உதவுகிறார்கள். பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் யார் வீட்டுக்குள் படுப்பார்கள்? வாசலில் கயிற்றுக்கட்டில், பக்கத்தில் மாடு. படுகை மணலில் வெள்ளரியும் தர்பூசணியும் போட்டவர் காவலுக்கு ஆற்றிலேயே படுப்பார். டிடிடி அடிப்பதோ வீட்டுக்குள் சுவரில். அந்தச் சுவரும் மண்சுவர் என்றால், மருந்து காய்வதற்குள் நல்லநாள் வந்துவிடும். வீட்டுக்காரம்மா சாணமும் செம்மண்ணும் கலந்து மெழுகி அதைப் பத்திரமாக மூடிவிடுவார். 1989இல் வெளியான ஒரு நூலில் இந்தியாவில் மலேரியாக் கட்டுப்பாட்டுக்குத் தடையாக நிற்கும் மனிதக் காரணங்களைப் பற்றி ரேச்சல் ரூபன் தனிக் கட்டுரையே எழுதினார். செதில் எண்ணியவர் மனிதரைப் பற்றி எழுதப்போனது தடம் மாறல் என்று எனக்குத் தோன்றவில்லை. கொசு எங்கே உட்காருகிறது என்று இருபது வருடம் பார்த்தவருக்கு, மனிதன் எங்கே படுக்கிறான் என்பது கண்ணில் படாமல் போகாது.

‘எந்தக் கொசு’ என்ற கேள்வியும் இதே ஆற்றில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. கியூலிசிஃபேசிஸ் என்பது ஒரே கொசு இல்லை, உருவத்தில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் தனித்தனி இனங்கள் என்று 1980இல் கிரீனும் மைல்ஸும் எழுதியிருந்தார்கள். இன்று அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து எழுத்துகள். ஈ என்பதை அடையாளம் காட்டியது ராமேசுவரம் தீவு. எல்லா எழுத்தும் ஒரே அளவில் மலேரியாவைப் பரப்புவதில்லை. இதைக் கண்ணால் பிரிக்க முடியாது. பாதிச் சினையாக இருக்கும் பெண் கொசுவின் சூலகத்தை எடுத்து, அங்குள்ள பெரிய குரோமோசோம்களில் சாயமேற்றி, கருப்பு வெள்ளைப் பட்டைகள் எந்த வரிசையில் வருகின்றன என்று படிக்க வேண்டும். எஸ். ஜி. சுகுணாவும் ரேச்சல் ரூபனும் குழுவினரும் தென்பெண்ணைக் கரையில் இதைச் செய்து 1983இலேயே எழுதிவிட்டார்கள். மாட்டுக்கொட்டகையில் பிடித்த கொசுவின் சூலகத்துக்குள் பட்டை எண்ணுவது! எனக்கு நுண்ணோக்கியில் அரைமணி நேரம் பார்த்தாலே கழுத்து பிடித்துக்கொள்கிறது.

1985இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் தொடங்கியது. ரேச்சல் ரூபன் அதன் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் பழைய வயல் கொசுக்கள் மறுபடி முன்னால் வந்தன. தென்னாற்காட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த வைரஸ் கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் உடலில் பெருகும், மாட்டிடம் பெருகாது, மனிதன் அதற்கு முட்டுச்சந்து. வயல் கொசுக்களின் வயிற்றிலிருந்த ரத்தத்தைச் சோதித்தபோது மிகப் பெரும்பங்கு மாட்டு ரத்தம் என்று அவர் குழு 1992இல் எழுதியது. வைரஸ் ஏறிய கொசுவும் அடுத்த வேளைக்கு மாட்டைத் தேடித்தான் போகிறது. மாடு கொசுவுக்குச் சோறு போடுகிறது, வைரஸைப் பட்டினி போடுகிறது. டிராக்டர் வந்து உழவுமாடு குறைந்தால் அந்தக் கடிகளெல்லாம் எங்கே போகும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

வயலில் மருந்தடித்துக் கட்டுப்படியாகாது. அசோலா என்ற மிதக்கும் பெரணியைப் பரப்பிப் பார்த்தார்கள்; நீர்ப்பரப்பை ஏறக்குறைய முழுதாக மூடினால்தான் பயன். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கொசுப்புழுவுக்கு அது எமன், ஆனால் மடை எப்போது திறக்கும் என்பது விவசாயியின் கையிலா இருக்கிறது? வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியாவும் அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று. பிண்ணாக்கு கொசுப்புழுவைக் குறைக்கும். யூரியாவும் மெதுவாகக் கரைந்து வீணாகாமல் பயிருக்குச் சேரும். இரண்டாவது காரணத்துக்காகத்தான் 2015இல் நாட்டின் யூரியா முழுவதையும் வேம்பு பூசியே விற்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. கொசுவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பூசும் அளவும் வேறு, பொருளும் பெரும்பாலும் வேப்பெண்ணெய்.

1993இல் அவர் பெண்களும் மலேரியாவும் என்ற பொருளில் எழுதியதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறை படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியில் மலேரியாக் கிருமி தங்கிக்கொள்ளும். தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு. தலைப்பிரசவத்தில் ஆபத்து அதிகம். அடுத்த ஆண்டு திவாரி, ஹிரியன், அகியாமா ஆகியோரோடு மூளைக்காய்ச்சல் கொசுக்களுக்கான படவிளக்கத் திறவுகோல் வந்தது. விஷ்ணுயியின் தலைச்செதிலை 1969இல் எண்ணியவர் இருபத்தைந்து வருடம் கழித்துத் தென்கிழக்கு ஆசியா முழுமைக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

தர்மபுரிக்கு டெங்கு வேறு தண்ணீரில் வந்தது.

2002இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில், தர்மபுரி மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் டெங்கு பரவியதைப் பற்றி ஜேக்கப் விக்டரும் சகாக்களும் எழுதினார்கள். அப்போது கிருஷ்ணகிரி பிரியவில்லை, அது 2004இல். கட்டுரையின் முக்கியமான சொல் ‘கிராமங்கள்’. டெங்கு பட்டணத்து நோய் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிவந்தது. ஏடிஸ் எஜிப்டி நூறு இருநூறு மீட்டருக்கு மேல் பறக்கச் சலிக்கும் கொசு. அது எப்படிக் கரட்டுக் காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு வரும்? பறந்து வரவில்லை. தண்ணீர் சேமிக்கும் பழக்கம் அதை அழைத்துவந்து உட்காரவைத்தது.

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக்கறை படிந்த பிள்ளைகளைப் பென்னாகரம் பக்கம் எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கட்டி, 2013இல் காவிரித் தண்ணீர் வந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. எனவே குடிக்க ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர், மாட்டுக்கு ஒரு தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், சிமென்ட் தொட்டி. ஏடிஸுக்கு வேறென்ன வேண்டும்?

ஐப்பசியில் ஒரு நாள், கொசுப்புழு ஒழிப்புப் பணிக்குப் போகும் ஒரு பெண்ணோடு பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் தெருத்தெருவாக நடந்தேன். நாளொன்றுக்கு இத்தனை வீடு என்று கணக்கு உண்டு. நூறு வீட்டில் புழு இருக்கும் பாத்திரம் எத்தனை என்பதுதான் பிரெட்டோ குறியீடு. அந்த எண் மேலே போனால் மேலதிகாரியின் குரலும் மேலே போகும். ஒரு வீட்டுத் தொட்டியில் டார்ச் அடித்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்தார்.

“ஆயா, போன வாரம் வந்தப்பவே சொன்னேனே. தொட்டியைக் கழுவலையா?”

“கழுவாம என்ன கண்ணு. இருந்த தண்ணிய மொத்தமா எறைச்சி ஊத்திட்டு, நேத்துதான் புதுசா புடிச்சி வச்சேன்.”

“தேய்ச்சீங்களா?”

ஆயா பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் விரலைத் தொட்டியின் உட்சுவரில், தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து இழுத்துக் காட்டினார். கருப்பாகப் பொடி ஒட்டியது. மிளகுத்தூள் என்று சொன்னால் நம்பலாம். ஏடிஸ் முட்டை. அது தண்ணீரில் முட்டையிடாது. ஈரச்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டும். தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புதுத் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். நேற்று ஆயா ஊற்றியது புதுத் தண்ணீர்.

“நல்ல தண்ணியிலதானே புழு உழுது,” என்றார் ஆயா. “உப்புத் தண்ணிய எந்தக் கொசு சீந்துது? புழு இருந்தா தண்ணி நல்லதுன்னு எங்க மாமியா சொல்லுவா.”

மாமியார் தவறாகச் சொல்லவில்லை. ஏடிஸ் தெளிந்த நீரைத்தான் நாடும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தேங்காய் நாரை எடுத்துத் தானே இரண்டு இழுப்புத் தேய்த்துக் காட்டினார். அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்ற ஆயா விடவில்லை. நாறுகிறதாம், மாடு குடிக்காதாம்.

என் சீசாவை மறந்துவிட்டேனே. ஆற்றிலிருந்து கொண்டுவந்த புழு இரண்டாம் நாள் காற்புள்ளி போலச் சுருண்டு கூட்டுப்புழுவானது. நான்காம் நாள் காலை மூடியின் உட்பக்கத்தில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. புத்தகத்தில் படித்தபடி உடலைச் சாய்த்து, வாலைத் தூக்கி, அனாஃபிலிஸ் என்று பறைசாற்றும் கோலம். தென்பெண்ணையின் கியூலிசிஃபேசிஸ் என் மேசைமேல் என்று பூரித்துப்போய், பூச்சியியல் படித்த நண்பரிடம் காட்டினேன். அவர் லென்ஸை எடுப்பதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கினார்.

“கியூலிசிஃபேசிஸ் இப்படி நிமிர்ந்தா உட்காரும்? அது கியூலெக்ஸ் மாதிரி படுத்துக் கிடக்கும்.” பிறகு லென்ஸ். “கால்ல வெள்ளை வளையம் பாருங்க. அதுக்குக் கால் கருப்பு. இது சப்பிக்டஸ்ங்க. உங்க குட்டையில தண்ணி அவ்வளவு சுத்தமா இல்ல.”

ஓசூருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் நுரையும் கழிவும் ஞாபகத்துக்கு வந்தன. வரும் தையில், ஆறு பிரியத் தொடங்கியதும், இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் முகந்து பார்க்கலாம் என்றார் நண்பர். கரண்டியைக் கழுவி வைத்திருக்கிறேன்.